மீதி, மேசையில்

முதுநகர் ரயில்வே கேட் மூடியிருந்தால்
எனக்குப் பத்து நிமிடம் தாமதம்.
அதற்குள் கவியரசனை மேசையோடு சேர்த்து உட்காரவைத்து
இடுப்பில் பெல்ட் போட்டிருப்பார்கள்.

பகுதிநேர ஓவியம், வாரம் இரண்டு நாள்.
ஸ்கெட்ச் பேனாவில் சைக்கிள் டியூப் சுற்றித் தருவேன்,
பிடி கிடைக்க.
தாளின் நான்கு மூலைக்கும் டேப்.
அப்புறம் அவன் முஷ்டியின் மேல் என் கை.
அவன் தோள் அந்தப் பக்கம் வெட்டி இழுக்கும்
நான் இந்தப் பக்கம் இழுப்பேன்.
கடைவாயிலிருந்து எச்சில் சொட்டும்.
நீலம் கலங்குவதற்குள்
கைக்குட்டையால் ஒற்றியெடுத்துவிடுவேன்.

மஞ்சக்குப்பத்தில் மாவட்டப் போட்டி.
'மரம் வளர்ப்போம்.'
துணையாள் ஒருவர் இருக்கலாம் என்றார்கள், இருந்தேன்.
மூன்றாம் பரிசு.
சான்றிதழில் அவன் பெயர், இன்ஷியலோடு.
கிளை பிரிகிற விதம் மட்டும் என்னுடையது.
ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நான் அப்படித்தான் போடுவேன்,
இடப்பக்கம் ஒரு கிளை அதிகமாக.

தாழங்குடாவில் அவன் வீடு.
டிவிக்கு மேலே பிளாஸ்டிக் உறைக்குள் அந்த மரம்.
"சோறு அள்ள வராத கை மிஸ்,
என்னாமா வரைஞ்சிருக்கு பாருங்க"
மீன் வாடை போகக் கழுவிவிட்டு வந்து
அந்த விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் காட்டினார் அஞ்சலாட்சி.
நான் டீயைக் குடித்தேன்.
சர்க்கரை அதிகம்.
நல்லாருக்கு என்றேன்.

"வூட்லயும் ஒண்ணு போடுடான்னு
நோட்டு வாங்கியாந்து குடுத்தேன்.
நாலு நாளா வெச்சிக்கினு உக்காந்திருக்கான்.
என் கையப் புடிச்சி இழுத்து
அவன் கைமேல வெச்சிக்கிறான் மிஸ்.
எனுக்கு என்னா தெரியும்?"

ஷேர் ஆட்டோவில் வரும்போது
வலது கையைப் பைக்கு அடியில் வைத்திருந்தேன்.
கேட்பார் யாருமில்லை.

அடுத்த வகுப்பில்
இரண்டு கைகளையும் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்தேன்.
அவன் காத்திருந்தான்.
என் முகத்தைப் பார்த்தான், தோளைப் பார்த்தான்,
முழங்கை வரைக்கும் வந்து
அதற்குக் கீழே என்ன ஆயிற்று என்பதுபோல நிமிர்ந்தான்.
"ம்ம்ஸ்."
போடு, என்றேன்.
பேனா தரையில் விழுந்தது.
எடுத்துக் கொடுத்தேன். மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.
மூன்றாவது முறை அது விழவில்லை, எறிந்தான்.

பக்கத்து மேசை ஷமீரா, காது கேளாதவள்,
எழுந்து வந்து அவன் கையைப் பிடிக்கப் போனாள்.
வேண்டாமென்று தலையாட்டினேன்.
அவள் என்னைத் திட்டினாள்,
இரண்டு கைகளாலும், படுவேகமாக.
எனக்குப் பாதிதான் புரிந்தது.
பாதியே போதுமானதாக இருந்தது.

சத்துணவு முட்டை வேகிற வாசனை வந்தபோது
அவன் கத்துவதை நிறுத்தியிருந்தான்.
கை கிளம்பியது.
தாளின் நடுவில் எங்கேயோ இறங்கி
இழுத்து, நின்று, நடுங்கி, ஓட்டை போட்டு
டேப்பைத் தாண்டிப் பலகைமேல் ஏறி
விளிம்புவரை போய்
அங்கே காற்றிலும் கொஞ்சம் போனது.
எச்சில் விழுந்தது. நீலம் ஊறிப் பரந்தது.
கைக்குட்டை என் மடியிலேயே கிடந்தது.

என்னடா இது, என்றேன்.
சிரித்தான்.
இன்றுவரை சொல்லவில்லை.

அந்த மேசை பச்சை மரம், பாலிஷ் இல்லாதது.
தண்ணியில போகாது, மண்ணெண்ணெய் வேணும்
என்கிறார் வாட்ச்மேன் ராமதாஸ்.
இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.
டிவிக்கு மேலே அந்த மரமும் இன்னும் இருக்கிறது.
அஞ்சலாட்சியிடம் எதையும் சொல்லவில்லை.
தைரியம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வருடக் கடைசிப் படிவத்தில்
'மாணவரின் முன்னேற்றம்' என்று ஒரு கட்டம்.
அவன் தாளை மடிக்காமல் பின் குத்தி
கட்டத்துக்குள் எழுதினேன்:
இணைப்பில் இருப்பது பாதி.
மீதி, மேசையில்.